இதய நோய்க்கு டிஸெபிலிட்டி பென்ஷன் (இயலாமை ஓய்வூதியம்) மறுப்பு: இரண்டாம் மேல்முறையீடா, தீர்ப்பாயமா?

பாலம் காலனிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். தரைப்படையில் 26 ஆண்டுகள் பணியாற்றி, 2023 ஜூன் இறுதியில் நாயப் சுபேதாராக (இளநிலை அதிகாரி) ஓய்வு பெற்றேன். சொந்த ஊர் வேலூர் மாவட்டம். பிள்ளைகளின் படிப்புக்காக இப்போது டெல்லி பாலம் காலனியில் இருக்கிறோம்.

2014 முதல் 2016 இறுதி வரை காஷ்மீரின் குப்வாரா பகுதியில், தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸின் பட்டாலியன் ஒன்றில் இருந்தேன். அங்கிருந்து பஞ்சாபில் உள்ள ஒரு பீஸ் ஸ்டேஷனுக்கு (அமைதிக்காலப் பணியிடம்) மாற்றலாகி வந்த சில மாதங்களில், காலை உடற்பயிற்சி முடிந்து குடியிருப்புக்குத் திரும்பும்போது நெஞ்சுவலி வந்தது. ஆஞ்சியோ செய்து பார்த்து, இரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை லோ மெடிக்கல் கேட்டகரிதான் (குறைந்த உடல்தகுதிப் பிரிவு). அதனால் இரண்டாண்டுப் பணி நீட்டிப்பும் கிடைக்கவில்லை.

ஓய்வுக்கு முந்தைய மெடிக்கல் போர்டில் இயலாமை 30 சதவீதம், ஆயுள் முழுவதற்கும் என்று எழுதினார்கள். ஆனால் நோய் இராணுவப் பணியால் வந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை', பணியால் மோசமானதா என்ற கேள்விக்கும் 'இல்லை'. காரணமாக ஒரே ஒரு வரி: 'பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது, ஃபீல்டு, உயர்மலைப் பணி, தீவிரவாத எதிர்ப்புப் பணி ஆகியவற்றின் அழுத்தத்தோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை.' வலி வருவதற்கு முந்தைய 14 நாள் பணி விவரத்திலும் அசாதாரணமான அழுத்தம் எதுவும் இல்லை என்று குறித்திருக்கிறார்கள். இதை வைத்தே ரெக்கார்டு ஆபீஸ் (வீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) கோரிக்கையை நிராகரித்தது. ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அதுவும் தள்ளுபடி என்று சென்ற மாதம் கடிதம் வந்திருக்கிறது. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஆறு மாத அவகாசம் என்று அதில் உள்ளது.

என் கேள்விகள் இவைதான். இரண்டாம் மேல்முறையீட்டில் பயன் உண்டா, அல்லது நேராக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? பீஸ் ஸ்டேஷன் என்ற ஒரு சொல்லால் எல்லாம் முடிந்துவிடுகிறதா? 'கிடைக்கிற பென்ஷன் போதும், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்' என்கிறார் வீட்டில். பணத்தைக் காட்டிலும், என் இதய நோய்க்கும் இத்தனை வருட வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்தக் காகிதம் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜனக்புரி ஹெட் கிளார்க்:

சாப், வணக்கம். நான் கிளார்க்காகவே பணியாற்றி சுபேதாராக ஓய்வு பெற்றவன். இந்த வகைக் கோப்புகள் என் மேசை வழியே நிறையப் போயிருக்கின்றன.

எதை எழுதுவதற்கும் முன்னால், உங்கள் கையில் இருக்க வேண்டியது மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைக் கோப்பு. நிராகரிப்புக் கடிதத்தில் வருவது சாரம் மட்டுமே. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்ற படிவத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டும். உங்கள் ரெக்கார்டு ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஓய்வுக்கால போர்டை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். 2017-இல் முதன்முதலாகக் கேட்டகரி இறக்கியபோது நடந்த போர்டு, அதன் பிறகு நடந்த ஒவ்வொரு மறுஆய்வு போர்டு, ஆஸ்பத்திரி அட்மிஷன் டிஸ்சார்ஜ் தாள்கள், கமாண்டிங் ஆபீசர் கையெழுத்திட்ட 14 நாள் பணி விவரம், ராணுவத்தில் சேர்ந்தபோது எடுத்த உடல் தகுதிப் படிவம், போஸ்டிங் விவரம், வருடாந்திர மருத்துவப் பரிசோதனைப் பதிவுகள் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'என் மருத்துவ ஆவணங்கள் எல்லாம்' என்று பொதுவாகக் கேட்டால் இரண்டு தாள் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

கோப்பு வந்ததும், பணியோடு உள்ள தொடர்பு பற்றிய பக்கத்தை எடுத்து ஒவ்வொரு போர்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு போர்டில் 'பணியால் மோசமானது' என்று எழுதி, கடைசி போர்டில் காரணம் சொல்லாமல் 'இல்லை' என்று மாற்றியிருந்தால், உங்கள் மனுவில் முதலில் வர வேண்டியது அதுதான். எல்லாத் தாளிலும் ஒரே வரி எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தனியாக யோசித்து எழுதவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம்.

பணக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் உள்ளவர்களுக்கு அது தெரிய வேண்டும். 100 சதவீத இயலாமைக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம்; குறைந்த இயலாமைக்கு அதே விகிதத்தில் குறையும். கடைசிச் சம்பளக் கணக்கு 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 30 சதவீத இயலாமைக்கு மாதம் 5,400 ரூபாய். ஆனால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறை இருக்கிறது. அப்படியானால் 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. உங்கள் சர்வீஸ் பென்ஷனோடு சேர்த்து ஆயுள் முழுவதும் வருவது இது. விட்டுக்கொடுக்கிற தொகை இல்லை, சாப்.

முனிர்கா வழக்கறிஞர்:

ஐயா, வணக்கம். டெல்லியில் பணி தொடர்பான வழக்குகளை நடத்திவருகிறேன். ஜனக்புரி ஐயா சொன்ன ஆவண வேலையை நாளைக்கே தொடங்கிவிடுங்கள். சட்ட நிலையை நான் சொல்கிறேன்.

நீங்கள் ஓய்வு பெற்ற தேதி உங்களுக்குச் சாதகமானது. 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெறுபவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. நீங்கள் அதற்கு முன்பே ஓய்வு பெற்றதால் உங்களுக்குப் பொருந்துவது 2008-ஆம் ஆண்டின் தகுதி விதிகள். மறுப்பவர்கள் புதிய விதிகளிலிருந்து எதையாவது எடுத்துக்காட்டினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

நீங்கள் முதலில் படிக்க வேண்டிய தீர்ப்பு 2013-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தரம்வீர் சிங் தீர்ப்பு. படையில் சேரும்போது ஒருவருக்கு நோய் இருந்ததாக ஆவணத்தில் குறிப்பு இல்லையென்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணியோடு தொடர்பில்லாதது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் வீரருக்கே சேர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் அங்கேயே உள்ளது. ஆயுதப்படை மருத்துவ சேவைகளுக்கான 1983-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் 423-ஆம் பத்தியை நீதிமன்றம் அதில் எடுத்துக்காட்டியிருக்கிறது: நோய்க்கான காரணம் ஃபீல்டு பகுதியில் ஏற்பட்டதா, சாதாரண அமைதிக்காலச் சூழலில் ஏற்பட்டதா என்பது பொருட்டல்ல என்கிறது அந்தப் பத்தி. பீஸ் ஸ்டேஷன் என்று மட்டும் எழுதிக் கோரிக்கையைத் தள்ளுபவர்கள் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கவாஸ் அனில் மட்சோ வழக்கில் இதே வகைக் காரணத்தைப் பரிசீலித்து, பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது என்பது மட்டும் மறுப்பதற்குப் போதாது என்று சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு சர்க்கரை நோய் பற்றியது என்றாலும், அதன் வாதம் உங்களுக்கும் பொருந்தும்.

50 சதவீதமாக உயர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. முதலில் அது உடல்நிலை காரணமாக இடையிலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றுதான் அரசு வைத்திருந்தது. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது உண்டு என்பதை 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே மனுவில் 30 சதவீதத்தை மட்டும் கேட்டு நிறுத்தாமல், 50 ஆக உயர்த்தித் தருமாறும் சேர்த்தே கேட்க வேண்டும். கேட்காத நிவாரணத்தைப் பின்னால் தனி வழக்காகக் கேட்க நேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் முதல் கேள்வி. 2007-ஆம் ஆண்டின் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, துறைக்குள் உள்ள வழிகளை முடித்துவிட்டே பொதுவாகத் தீர்ப்பாயத்துக்கு வர வேண்டும் என்கிறது. மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டால், காத்திருக்காமல் தீர்ப்பாயம் செல்லலாம் என்றும் அதுவே சொல்கிறது. எனவே அவகாசத்துக்குள் இரண்டாம் மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுப்பு வந்தாலும் சரி, ஆறு மாதம் மௌனமாக இருந்தாலும் சரி, அடுத்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. ஆனால் 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பைக் காட்டி, மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவையோடு நிறுத்திவிடக்கூடும். நாளைக் கடத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

துவாரகா சிஸ்டர்:

அண்ணா, நான் இராணுவ நர்சிங் சேவையில் இருந்து ஓய்வு பெற்றவள். இதயப் பிரிவு வார்டிலேயே பல வருடங்கள் கழிந்தன. சட்டம் பேச எனக்குத் தகுதியில்லை. நோயைப் பற்றி, உங்களுக்கு உதவக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்.

வலி வந்த இடத்தையும் நோய் தொடங்கிய இடத்தையும் அந்த ஒரு வரி ஒன்றாக்கிவிடுகிறது. இதயத்துக்குப் போகும் இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிவது சில வாரங்களில் நடப்பதில்லை. எங்கள் துவாரகா வீட்டுத் தண்ணீர்க் குழாயில் உப்புப் படிவது போல, ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் நடக்கும் காரியம் அது. ஒருநாள் படிவின் மேற்பரப்பு வெடித்து அங்கே இரத்தம் உறைந்தால் திடீரென்று வலி வரும். அந்த நாளில் நீங்கள் பஞ்சாபில் இருந்தீர்கள் என்பதால், அதற்கு முந்தைய இரண்டரை ஆண்டு குப்வாரா வாழ்க்கை உங்கள் உடலிலிருந்து அழிந்துவிடாது. இரவு முழுவதும் ஆம்புஷில் (பதுங்கித் தாக்கக் காத்திருக்கும் பணியில்) உட்கார்ந்திருப்பது, தூக்கம் சிதறுவது, கடுங்குளிர், நேரந்தவறிய சாப்பாடு, எப்போதும் உஷாராக இருக்கும் மனநிலை ஆகியவை இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் பாதிப்பவை. 14 நாள் பணி விவரம் என்பது திடீர் மாரடைப்புக்கு முந்தைய உடனடித் தூண்டுதலைக் கண்டுபிடிக்க உதவலாம்; நீண்ட காலமாக வளர்ந்த நோய்க்கு அதை மட்டும் அளவுகோலாக வைப்பது மருத்துவ ரீதியில் நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே கோப்பு வந்ததும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஆஞ்சியோ அறிக்கையில் அடைப்பின் அளவும் தன்மையும் எப்படி எழுதப்பட்டுள்ளன? ஒரு குழாயில் முக்கிய அடைப்போடு மற்றக் குழாய்களில் சிறு சிறு படிவுகளும் குறிக்கப்பட்டிருந்தால், நோய் பழையது என்பதற்கு அது சான்று. அடுத்து, குப்வாராவில் இருந்த காலத்து மருத்துவப் பரிசோதனைகளில் பி.பி. அளவு என்ன? எல்லையைத் தாண்டிய ஒரு பதிவு இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். கடைசியாக, கேட்டகரி இறக்கிய பிறகு உங்களுக்கு விதித்த பணிக் கட்டுப்பாடுகள் உண்மையில் கடைப்பிடிக்கப்பட்டனவா? கட்டுப்பாட்டை மீறிய வேலை கொடுத்திருந்தால், நோய் பணியால் வராவிட்டாலும் பணியால் மோசமானது என்று வாதிட இடம் உண்டு. இந்த இரண்டாவது வழியைப் பலர் மனுவில் எழுதுவதே இல்லை.

டிஸ்சார்ஜ் தாளில் புகைப்பிடிப்பவர் என்றோ உடல் எடை அதிகம் என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். அதை மறைக்க முயலாதீர்கள். ஓர் இதய நோய்க்குப் பல காரணங்கள் சேர்ந்து நிற்கும், அவற்றில் பணியும் ஒன்று என்று நேராகச் சொல்லுங்கள். நீங்கள் இருதய மருத்துவரிடம் போகும்போது அறிக்கைகளைக் காட்டி, நோயின் காலம் பற்றி அவர் கருத்தை எழுதித் தருவாரா என்று கேட்டுப்பார்க்கலாம். மாத்திரைகளை மட்டும் எந்த அலைச்சலிலும் விட்டுவிடாதீர்கள், அண்ணா.

மயூர் விஹார் முன்னாள் வீரர்:

எல்லோரும் நம்பிக்கை கொடுத்திருக்கிறீர்கள், நல்லதே. ஆனால் மறுபக்கத்தையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். தரம்வீர் சிங் என்ற பெயரைச் சொன்னாலே தீர்ப்பாயம் கொடுத்துவிடும் என்று நம்பிப் போனவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். 2022 ஜூலையில் முனுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவ நிபுணர்கள் அடங்கிய போர்டின் கருத்துக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், தீர்ப்பாயம் அதை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்று சொல்லி, வீரருக்குச் சாதகமாக வந்த உத்தரவை ரத்து செய்தது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் இந்தத் தீர்ப்பைக் கையோடு கொண்டுவருவார்கள். 2008 விதிகளின் சொற்கள் பழைய 1982 விதிகளின் சொற்களிலிருந்து மாறியவை என்பதையும் அவர்கள் வாதிடுவார்கள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.

முனிர்கா வழக்கறிஞர்:

மயூர் விஹார் ஐயா சொன்னது சரியான எச்சரிக்கை, நன்றி. முனுசாமி தீர்ப்பை இல்லாதது போல நினைத்து மனு எழுதக் கூடாது. போர்டின் கருத்துக்கு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொண்டே, கருத்துக்கு அடிப்படையான காரணம் எங்கே என்று கேட்பதுதான் சரியான வழி. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: காரணம் கூறாத மருத்துவ போர்டின் கருத்தை வைத்து இயலாமை ஓய்வூதியத்தை மறுக்க முடியாது. 2008 விதிகளைப் பொறுத்தவரை, கோரிக்கையாளரைப் பொதுவாக நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்பது அவற்றிலும் இருக்கிறது. ஓய்வு பெற்று 15 ஆண்டுகள் கழித்துக் கேட்பவர்களுக்குத்தான் அந்தப் பொறுப்பு மாறுகிறது. நம் ஐயா அந்த வகையில் வரவில்லை.

ஆகவே மனுவின் முதுகெலும்பு இப்படி இருக்கலாம்: சேரும்போது நோய் இல்லை, நோய் கண்ட இடம் எது என்பதை மட்டும் போர்டு சொன்னது, நோய் ஏன் வந்தது என்பதைச் சொல்லவில்லை, குப்வாரா பணிக்காலத்தை அது கணக்கிலேயே எடுக்கவில்லை. சிஸ்டர் அவர்கள் சொன்ன மருத்துவ விளக்கத்தை மூன்றாவது பகுதியில் ஆவணச் சான்றோடு சேர்த்துவிடுங்கள். இரண்டாம் மேல்முறையீட்டிலேயே இவை அனைத்தையும் எழுதிவிட வேண்டும். 'மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று அரைப்பக்கம் எழுதி அனுப்பினால், பின்னால் தீர்ப்பாயத்தில் அந்த அரைப்பக்கத்தைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்.

பாலம் காலனிக்காரர்:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தகவல் உரிமை விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். திங்கட்கிழமை தபாலில் சேர்ப்பேன். முதலில் வந்த போர்டு தாள் ஒன்றின் நகல் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் குப்வாரா போஸ்டிங் குறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் காரணம் எழுதும் கட்டம் காலியாகவே உள்ளது. இன்னும் இரண்டு ஐயங்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாவிட்டால் நானே வாதாட முடியுமா? பெரியவளின் படிப்பு முடிந்ததும் ஊருக்கே திரும்பும் எண்ணம் இருப்பதால், இங்கே போட்ட வழக்கு என்ன ஆகும்?

முனிர்கா வழக்கறிஞர்:

காலியான அந்தக் கட்டம் மிகவும் முக்கியம், ஐயா. அந்தத் தாளை இன்றே நகலெடுத்து, மூலத்தைத் தனியாக வைத்துவிடுங்கள்.

சட்டப்படி நீங்களே முன்னிலையாகி வாதாடலாம். இலவசச் சட்ட உதவிக்கும் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். இடத்தைப் பொறுத்தவரை, ஓய்வு பெற்றவர் மனு போடும் நேரத்தில் எங்கே வசிக்கிறாரோ அந்தப் பகுதிக்குரிய அமர்வில் தாக்கல் செய்ய விதி இடம் தருகிறது. டெல்லியில் இருக்கும்போது போட்டால் ஆர்.கே.புரத்தில் உள்ள முதன்மை அமர்வு. மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய்வருகிற தூரந்தான். அதற்குள் வேலூருக்குக் குடிபெயர்ந்துவிட்டால் சென்னை அமர்வில் போடலாம். இங்கே போட்ட பிறகு குடிபெயர்ந்தால், வழக்கை அங்கே மாற்றித் தருமாறு தீர்ப்பாயத் தலைவரிடம் மனுக் கொடுக்க வேண்டியிருக்கும், அதில் காலம் கழியும். ஆகவே இரண்டாம் மேல்முறையீட்டின் ஆறு மாதம் முடியும் தேதியையும் மகளின் படிப்பு முடியும் தேதியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் தாக்கல் செய்வது என்பதை முடிவு செய்யுங்கள். போர்டு தாள்கள் வந்ததும் பெயர், எண் போன்றவற்றை மறைத்துவிட்டு, காரணம் எழுதிய பக்கத்தை மட்டும் இங்கே பதியுங்கள். மேல்முறையீட்டின் வாசகத்தைச் சேர்ந்து பார்க்கலாம்.

ஜனக்புரி ஹெட் கிளார்க்:

சாப், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். சாதகமான உத்தரவு வந்துவிட்டால் அதன் சான்றிட்ட நகலை ரெக்கார்டு ஆபீசுக்கு உடனே அனுப்புங்கள், புதிய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) வந்ததும் ஸ்பர்ஷ் என்ற இராணுவ ஓய்வூதிய இணையதளக் கணக்கில் இயலாமைத் தொகை தனி வரியாக ஏறியிருக்கிறதா, சதவீதம் 50 என்றே இருக்கிறதா என்று பாருங்கள். 30 என்றே ஏற்றிவிட்டு நிலுவையையும் அந்தக் கணக்கில் போட்டுவிடும் தவறு நடப்பதுண்டு. அப்படி நடந்தால், உத்தரவை நிறைவேற்றக் கோரும் மனுவைத் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.